தொண்ணூற்றெட்டில் நின்ற முள்

மாடியக்காவுக்கு வயது நாற்பத்தேழு. டவர் கிரேன் ஓட்டுகிறார். கட்டடம் மூன்று மாடியாக இருந்தாலும் சரி, பதினொன்றாக வளர்ந்தாலும் சரி, அவர் அதற்கும் மேலேதான் இருப்பார். அதனால் அந்தப் பெயர். வைத்தது யாரென்று யாருக்கும் தெரியாது. கம்பி கட்டுகிறவர்கள், கான்கிரீட் போடுகிறவர்கள், லாரி ஓட்டி வருகிறவர்கள், அவரைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

நாற்பத்தைந்து மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. ஒரு நாற்காலி, இரண்டு பக்கமும் இரண்டு கைப்பிடிகள், காலடியிலும் கண்ணாடி. இன்னொரு ஆள் உள்ளே வந்தால் முதல் ஆள் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். போய்வர ஏணி மட்டும்தான்: நூற்றைம்பது படி, நடுநடுவே நின்று மூச்சு வாங்க நாலு மேடை. காலை ஏழு மணிக்கு ஏறினால் மாலை ஐந்துக்குத்தான் இறங்குவார். மதியச் சாப்பாடு மேலேயே.

இருபது வயதில் செங்கல் சுமக்கிற வேலைக்கு வந்தவர். பன்னிரண்டு வருடம் தலைக்கு மேல் போய்வந்த கொக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே சுமந்தார். கம்பெனி ஒருநாள், கிரேன் பழக யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது கையைத் தூக்கினார். சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு இப்போது அவர்தான் கம்பிக்கட்டை தலைக்கு மேலே கொண்டுவந்து, தூசி கிளம்பாமல் இறக்கிவைக்கிறார்.

இத்தனை நிம்மதிக்கு நடுவில்தான் அந்தக் கடிதம் வந்தது. கொண்டுவந்து கொடுத்த சூப்பர்வைசர் வயதில் சின்னவர், பயந்த மனிதர்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் போட்ட சட்டமில்ல இது."

"என்ன சட்டம்?"

"மேல தீப்பிடிச்சாலோ உங்களுக்கு மயக்கம் வந்தாலோ கயித்துல கட்டி இறக்குவோம்ல, அந்தச் செட்டு நூறு கிலோதான் தாங்குமாம். பெல்ட், பூட்ஸ், தொப்பிக்கு அஞ்சு கிலோ போனா, நீங்க தொண்ணூத்தஞ்சுக்குள்ள இருக்கணும்."

"இப்ப எவ்வளவு இருக்கேன்னு போட்டிருக்கு?"

சூப்பர்வைசர் காகிதத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "நூத்தி மூணு."

"இன்னும் சத்தமா சொல்லுங்க. அந்த லாரிக்காரருக்குக் கேக்கலையாம்."

நாலு மாதம் கெடு. அதற்குள் எடை இறங்கினால் கூண்டு. இல்லாவிட்டால் வாசலில் இருக்கும் தகரப் பெட்டி. உள்ளே வருகிற லாரி எண்ணைக் குறித்துக்கொள்ளும் வேலை. கெட்ட வேலை என்று யாரும் சொல்ல முடியாது. வெயிலில்லை, ஏணியில்லை. ஆனால் அந்தப் பெட்டியின் ஜன்னல் வழியாகத் தெரிவதெல்லாம் டயர்தான். பதினைந்து வருடம் ஊரின் கூரைகளையெல்லாம் காலடியில் வைத்திருந்தவரை டயர் பார்க்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

எடை ஒரே நாளில் ஏறியதில்லை. உட்கார்ந்த இடத்து வேலை, நாற்பதுக்கு மேல் உடம்புக்கு வந்த சோம்பல். இதற்கெல்லாம் மேலே, வீட்டுக்காரர் ரொட்டிக்கடை வைத்திருக்கிறார். வீட்டின் முன்பாதி கடை, பின்பாதி குடும்பம். கதவை மூடினாலும் சுடச்சுட வாசனை சாவித்துளை வழியாக வந்துவிடும்.

வழி சொன்னது நாத்தனார், அதாவது ரொட்டிக்கடைக்காரரின் தங்கை. ஒரே வருடத்தில் பன்னிரண்டு கிலோ குறைத்துவிட்டு, அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர். "மாவு, சர்க்கரை, ரொட்டி, உருளைக்கிழங்கு, எதையும் தொடாதீங்க அண்ணி. முட்டை, மீன், கறி, காய், வெண்ணெய், இதெல்லாம் வயிறு நிறைய சாப்பிடுங்க. என்னைப் பாருங்க!" என்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

ரொட்டிக்கடை வீட்டில் ரொட்டியை நிறுத்துவது, மீன்காரர் வீட்டில் மீன் வாடை ஆகாது என்பது மாதிரி. வீட்டுக்காரர் முகம் சுருங்கிவிட்டது.

"இருபத்திரண்டு வருஷமா என் கையால சாப்பிட்ட ரொட்டி. இப்ப உனக்கு எதிரியாயிடுச்சா?"

"எதிரியில்லீங்க. கேஸ் நடக்குது, அவ்வளவுதான். தீர்ப்பு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கக் கூடாது."

முதல் ஆறு வாரம் எல்லாம் நன்றாக நடந்தது. ஐந்து கிலோ இறங்கியது. வேலைக்கால்சட்டை இடுப்பில் சுழன்றது. பிறகு, தொண்ணூற்றெட்டில் வந்து நின்றது முள். நின்றது என்றால் ஆணி அடித்த மாதிரி. ஒரு வாரம், இரண்டு வாரம், ஐந்து வாரம். தினமும் காலையில் பல்கூடத் தேய்க்காமல் ஏறி நின்று பார்ப்பார். எடை இயந்திரத்தை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தார், சமையலறையில் வைத்துப் பார்த்தார். தக்காளியை நிறுத்தினார், வெங்காயத்தை நிறுத்தினார், காலைச் சாப்பாட்டையே நிறுத்தினார். தலைவலி வந்தது, கோபம் வந்தது. ஒருநாள் முள் அரைக்கிலோ மேலே ஏறியும் காட்டியது.

"அண்ணி, கோவிச்சுக்காம ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார் நாத்தனார்.

இப்படி ஆரம்பித்தால் கோபித்துக்கொள்ளும்படிதான் கேட்கப் போகிறார் என்று அர்த்தம்.

"கடை மூடினதும் ஒரு பன்னு, ரெண்டு பன்னு... யாருக்கும் தெரியாம..."

"ரொட்டி திருடுறேன்னு சொல்றியா? என் வீட்டுக் கடையிலயா?"

"நான் சொல்லல. எடைதான் சொல்லுது."

மாடியக்கா அன்றைக்கு நாத்தனாருக்குக் காபிகூடக் கொடுக்கவில்லை. இன்னும் ஆறு வாரம்தான் இருந்தது. இறங்க வேண்டியது மூன்று கிலோ.

வேறு வழி தோன்றாமல், கம்பெனி ஆட்களுக்கு எடைப் பரிசோதனை செய்கிற கிளினிக்குக்கே போனார். அங்கிருந்த நர்ஸ் பெரிய உடம்புக்காரர். அதனாலேயே மாடியக்காவுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்ட நர்ஸ், பதிலைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே வந்தார். முட்டை, சரி. மீன், சரி. கீரை, சரி. "தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?"

"அரை பாட்டில்."

"ஒரு மணி நேரத்துக்கா?"

"ஒரு நாளைக்கு."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தார். "ஏன்?"

"மேல பாத்ரூம் கிடையாது. ஒரு தடவை இறங்கி ஏற அரை மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் கிரேன் நிக்கும். கீழ முப்பது பேர் கையைக் கட்டிக்கிட்டு என்னைப் பார்த்துக்கிட்டு நிப்பாங்க. அதுக்குக் குடிக்காமலே இருந்துடலாம்."

"எத்தனை வருஷமா?"

"பதினஞ்சு."

நர்ஸ் பேனாவைத் திரும்ப எடுத்தார். "வீட்டுல தராசு இருக்கா?"

"ரொட்டிக்கடை வீடு. தராசுக்கா பஞ்சம்?"

"அப்போ ஒரு நாள் உங்க வாய்க்குள்ள போற அத்தனையையும் அதுல போடுங்க. சாப்பிட்டது மட்டுமில்ல, கொறிச்சதும்."

"கொறிச்சதுமா?"

"அதைப் பார்க்கத்தானே சொல்றேன்."

மறுநாள் விடுமுறை. கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் புருஷனும் பெண்டாட்டியும் தராசின் முன்னால் நின்றார்கள். அது உப்பை கிராம் கணக்கில் நிறுக்கிற தராசு. ரொட்டிக்கடைக்காரர் ஈஸ்டைக் கையால் அள்ளிப் போட்டதாகச் சரித்திரமே கிடையாது. முட்டையை வைத்தார்கள், மீனை வைத்தார்கள், வெண்ணெயில் வதக்கிய காயை வைத்தார்கள். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. கடைசியில் மாடியக்கா தன் பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து வைத்தார்.

அது முந்திரி டப்பா. ரொட்டி வேண்டாம் என்று சொன்ன வாரத்திலிருந்து, கேக்குக்கு வாங்கிய முந்திரியில் நல்லதாகப் பொறுக்கி, வெண்ணெயில் வறுத்து, உப்பும் மிளகும் தூவி, தினமும் காலையில் வீட்டுக்காரர் நிரப்பித் தருவார். முந்திரியில் மாவில்லை, ஆகவே தடையில்லை என்பது இருவரின் முடிவு. டப்பா மாலையில் காலியாகத்தான் திரும்பி வரும்.

டப்பாவின் எடை போக, தராசு இருநூற்று அறுபது கிராம் என்றது.

ரொட்டிக்கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இது மூணு கேக்குக்குப் போடுற முந்திரி."

"தினமுமா எனக்கு மூணு கேக் முந்திரி?"

"வறுக்கும்போது நிறுக்கத் தோணலை."

"உப்பைக்கூட நிறுத்துப் போடுற மனுஷன், இதை மட்டும் ஏன் அள்ளிப் போட்டீங்க?"

அவர் கொஞ்ச நேரம் டப்பாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "ரொட்டியைத்தான் தொடமாட்டேங்கிற. வேற எதைத்தான் நான் உனக்குத் தர்றது?"

மாடியக்கா சண்டையை அங்கேயே விட்டார். கைநிறைய முந்திரியை எடுத்து அவர் வாயில் போட்டார். "நீங்க சாப்பிடுங்க. எனக்கு இருபத்தஞ்சு கிராம். நிறுத்துக் குடுங்க."

ஆனால் கை எப்படித் தினமும் அந்த டப்பாவின் அடிவரைக்கும் போயிற்று? மறுநாள் கூண்டில் உட்கார்ந்து தன் கையையே வேவு பார்த்தார். பத்து மணிக்கு அது டப்பா இருந்த இடத்தைத் தேடியது. வெயில் கண்ணாடியில் நேராக விழுகிற நேரம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பசி என்று இத்தனை நாள் நினைத்தது தாகமோ என்று முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. ஒரு பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்தார். கை சும்மா இருந்தது.

அடிவயிறு சும்மா இருக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் நிலைமை முற்றிவிட்டது. வாக்கி டாக்கியை எடுத்தார்.

கீழே நின்று, எதைத் தூக்க வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று சொல்கிறவர் சிக்னல்காரர். ஐம்பத்தைந்து வயது, ஒல்லிக் குச்சி. கிரேனும் அவரும் மாடியக்காவும் ஒன்பது கட்டடம் சேர்ந்து முடித்தவர்கள்.

"அண்ணே, நான் இறங்குறேன்."

"எங்கம்மா?"

"கீழதான். வேற எங்க இறங்க முடியும்?"

"ஏன் தங்கச்சி, உடம்புக்கு ஏதாவதா?"

"எல்லாத்தையும் இதுல சொல்ல முடியாதுண்ணே. முப்பது பேர் கேட்டுக்கிட்டிருக்காங்க."

"ஆமாக்கா, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்," என்றது ஏழாவது மாடியிலிருந்து யாருடைய குரலோ.

இறங்கி ஏறி முடிக்க இருபத்தெட்டு நிமிடம். சூப்பர்வைசர் ஏணியடியில் காத்திருந்தார். "அக்கா, கான்கிரீட் வண்டி நிக்குது. தினமும் இப்படின்னா நான் என்ன பதில் சொல்றது?"

"தினமும் ரெண்டு தடவை. இல்லன்னா ஆறு வாரத்துல என்னை வாசல்ல உக்கார வெச்சுட்டு, புது ஆளுக்கு இந்த கிரேனைப் பழக்குங்க. அதுக்கு எத்தனை நிமிஷம் ஆகும்னு பாருங்க."

சொல்லிவிட்டு அவரே அதிர்ந்து போனார். பதினைந்து வருடத்தில் யாரையும் காக்க வைத்ததில்லை என்பதுதான் அவருடைய பெருமை. அந்தப் பெருமைக்காகத்தான் தொண்டை காய்ந்துகொண்டிருந்தது.

வழி கண்டுபிடித்தவர் சிக்னல்காரர். அந்த வேலையிடத்தில் ஒரு பழக்கம்: காலை பத்தரைக்கும் மாலை மூன்றுக்கும் எல்லோரும் டீ குடிக்க உட்காருவார்கள், அந்த அரை மணியில்தான் கிரேன் அடுத்த வேலைக்கான சாமான்களை மாடிக்கு ஏற்றிவைக்கும். எல்லோரும் உட்காரும்போது மாடியக்காவுக்கு மட்டும் வேலை உச்சத்தில் இருக்கும். யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"அந்தச் சாமானை ஒன்பதரைக்கே ஏத்திட்டா என்ன சார்?" என்றார் சிக்னல்காரர். "டீ நேரத்துல யாருக்கு கிரேன் வேணும்? கொக்கியில டீ கிளாஸா மாட்டப் போறோம்?"

சூப்பர்வைசர் ஒரு வாரம் பார்க்கலாம் என்றார். மூன்றாம் நாளே சோதனை வந்தது. பத்தரைக்குச் சரியாக ஒரு கம்பி லாரி உள்ளே நுழைந்து, ஹாரனில் கையை வைத்துவிட்டு எடுக்கவில்லை.

"அக்கா, எங்க இருக்கீங்க?" வாக்கியில் சூப்பர்வைசர்.

"ஏணில. ரெண்டு மேடை தாண்டிட்டேன்."

"லாரி வந்திருக்கு. அப்படியே திரும்பி ஏறிடுங்களேன்."

"ஏறலாம் சார். ஆனா அப்புறம் கூண்டைக் கழுவுறது உங்க வேலை."

எல்லா மாடியிலும் சிரிப்பு கேட்டது. மாடியக்கா இறங்கினார். லாரிக்காரர் ஹாரனை விட்டுவிட்டு டீ குடித்தார். இருபத்தைந்து நிமிடம் கழித்து கம்பி இறங்கியது. எதுவும் இடிந்து விழவில்லை.

இப்போது ஒரு நாளைக்கு மூன்று முறை ஏற்றம், நானூற்றைம்பது படி. முதல் வாரம் முட்டி கெஞ்சியது. முள்ளோ அசையவே இல்லை. பத்து நாள் ஆயிற்று. மாடியக்கா எடை இயந்திரத்தின் மேல் நின்றபடியே, "அவ்வளவுதாங்க. டயர் பார்க்கப் போறேன்," என்றார்.

வீட்டுக்காரர் முந்திரியை நிறுத்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தார். பொட்டலத்தின் மேல் 'இருபத்தைந்து' என்று எழுதவும் செய்வார். "மாவு பிசைஞ்ச உடனே எந்திரிச்சு நிக்குமா? துணியைப் போட்டு மூடிட்டு வேற வேலையைப் பாரு. சும்மா சும்மா திறந்து பார்த்தா அதுக்கும் கோவம் வரும்."

அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு முறைதான் ஏறிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. இயந்திரத்தை வீட்டுக்காரரே தூக்கி மாவு மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். காலைச் சாப்பாடு திரும்பி வந்தது. தக்காளியும் வெங்காயமும் வந்தன. தலைவலி போன நாள் எதுவென்று மாடியக்காவுக்கே தெரியாது. அடுத்த முறை ஏறியபோது முள் தொண்ணூற்றேழையும் தாண்டி இறங்கியிருந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம்.

பரிசோதனைக்கு நாலு நாள் இருக்கும்போது நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. குரலில் பழைய மிடுக்கில்லை.

"அண்ணி, எனக்கும் நின்னுபோச்சு. ரெண்டு மாசமா ஒரு கிராம் இறங்கல."

மாடியக்காவுக்கு நாக்கு நுனிவரை ஒரு பன்னு வந்தது. விழுங்கிக்கொண்டார். "முந்திரி, பாதாம் ஏதாவது சாப்பிடுறியா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா? கடைக்கு வா. உங்க அண்ணன்கிட்ட தராசு இருக்கு."

பரிசோதனை நாள் காலையில் வீட்டு முள் தொண்ணூற்றைந்தின் மேலேயே படுத்துக் கிடந்தது. ரொட்டிக்கடைக்காரர் தரையில் முட்டிபோட்டு, கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். "கோட்டு மேல நிக்குது. இந்தப் பக்கமுமில்ல, அந்தப் பக்கமுமில்ல."

தண்ணீர் குடிக்காமல் போனால் பிழைத்துக்கொள்ளலாம். மாடியக்கா டம்ளரை எடுத்தார், வைத்தார். ஒரு டம்ளர் கால் கிலோ. பதினைந்து வருடம் செய்ததை இன்னும் ஒரு காலைப்பொழுது செய்தால் என்ன? பிறகு, ஏனோ தன்மேலேயே எரிச்சல் வந்து, வழக்கம்போல இரண்டு டம்ளர் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

கிளினிக்கில் அதே நர்ஸ். முதல் வேலையாக ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினார். "போய்ட்டு வாங்க. மிச்சமெல்லாம் அப்புறம்."

இவ்வளவு சந்தோஷமாக அந்த டப்பாவை யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். திரும்பி வந்து பூட்ஸைக் கழற்றினார், கைக்கடிகாரத்தைக் கழற்றினார், சாவிக்கொத்தை எடுத்து வைத்தார்.

"பல்லையும் கழட்டுவீங்களா?" என்றார் நர்ஸ். "ஏறுங்க."

தொண்ணூற்று நாலு புள்ளி ஏழு.

நர்ஸ் எண்ணை எழுதிவிட்டு, டாக்டரின் அறைக்குக் காகிதத்தைக் கொண்டுபோனார். கையெழுத்தாகி வந்தது. "முந்நூறு கிராம்தான் மிச்சம். வருஷா வருஷம் பார்ப்போம்."

"பாருங்க," என்றார் மாடியக்கா. "இனி கீழ இறங்கத் தெரியும்."

பதினொரு மணிக்கு அவர் வேலையிடத்துக்குள் நுழைந்தபோது, சூப்பர்வைசர் காகிதத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. முகம் மலர்ந்திருந்தது, ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட களை.

"அக்கா, உங்களுக்காக மேலிடத்துல பேசிட்டேன். பத்தாவது மாடில பாத்ரூம் பெட்டி வெக்கிறோம். கிரேன்ல இருந்து அந்த மாடிக்குப் பலகை போட்டுத் தர்றேன். இனி நீங்க முழுசா இறங்கி ஏற வேண்டாம்!"

மாடியக்கா வாசலருகே லாரியில் நின்ற நீலப் பிளாஸ்டிக் பெட்டியைப் பார்த்தார். "யார் மேல ஏத்துறது?"

"நீங்கதான்."

ஏணி ஏறி, கூண்டில் உட்கார்ந்து, பாட்டிலைத் திறந்து நாலு மடக்குக் குடித்துவிட்டுக் கைப்பிடிகளைப் பிடித்தார். கொக்கி கீழே போனது. சிக்னல்காரர் சங்கிலியை மாட்டி, இழுத்துப் பார்த்தார்.

"தூக்கு தங்கச்சி. மெதுவா... மெதுவா..."

"உள்ள யாரும் இல்லையேண்ணே?"

"தட்டிப் பார்த்துட்டேன். பதில் இல்ல."

நீலப் பெட்டி ஒவ்வொரு மாடியாகக் கடந்து மேலே வந்தது. கம்பி கட்டுகிறவர்கள் கைதட்டினார்கள். பத்தாவது மாடியில் அதை ஒரு குலுக்கலும் இல்லாமல் இறக்கிவைத்தார்.

"சார்," என்றார் வாக்கியில், "நல்ல பெட்டி. கம்பி கட்டுறவங்க வெச்சுக்கட்டும். நான் மூணு மணிக்குக் கீழ வர்றேன். எனக்கும் ஒரு டீ சொல்லி வைங்க, சர்க்கரை போடாம."